வெளியிலிருந்து வருகிறவர்கள்

தலையணையை முதுகுக்குப் பின்னால் செருகிக் கணவரை நிமிர்த்தி உட்கார வைத்தாள் ஆவுடையம்மாள்.

வேட்டியை இழுத்துச் சரிசெய்தாள். வாயோரம் துடைத்தாள். சீப்பைத் தேட நேரமில்லை. விரலாலேயே தலையைக் கோதிவிட்டாள்.

வாசலில் நின்ற பெண் உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் டேப்லெட். பக்கவாதம் வந்தவர்களுக்கு ஊர் ஊராக யார் சிகிச்சை தருகிறார்கள் என்று கணக்கெடுக்க வந்திருக்கிறாள். ஆள் யார், என்ன படிப்பு, எந்த வகை.

"ஐயாகிட்டயே கேக்கலாமாம்மா?"

ஆவுடையம்மாள் அவர் வேட்டியை இன்னொரு முறை இழுத்துவிட்டாள். பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்புவது போல.

பாபநாசம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர் சொரிமுத்து. ஐப்பசி மழையில் ஒருநாள் காலை எழுந்தவர் அப்படியே விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று.

பேச்சு மட்டும் இப்போது ஒவ்வொரு சொல்லாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. முதலில் 'தண்ணி' வந்தது. பிறகு 'போ'.

"ஐயா, காலுக்குப் பயிற்சி குடுக்க யாரு வாராங்க?"

உதடு ஒரு பக்கமாக இழுத்தது.

"தம்... பி."

"பிசியோ தம்பி," என்றாள் ஆவுடையம்மாள் அவசரமாக. "ரெக்ஸ்னு பேரு. செவ்வாக்கிழமை வருவாரு. அதுக்குன்னே படிச்ச பிள்ள."

பெண் திரையைத் தொட்டாள்.

"பிரஷர் பாக்க?"

"நர்ஸ்."

சட்டென்று வந்துவிட்டது. அவருக்கே பெருமை. நல்ல கையால் தொடையில் தட்டிக்கொண்டார்.

"பேச்சுப் பயிற்சிக்கு?"

"அதுக்கு யாரும் வாரதில்லம்மா. டவுன் ஆஸ்பத்திரியில ஒருக்கா சொல்லித் தந்தாங்க. அத வச்சு நாந்தான் சொல்லிக் குடுக்கேன். உள்ளி உரிக்கும்போது, துணி மடிக்கும்போது, கையில இருக்கதக் காட்டி இது என்ன, இது என்னன்னு நச்சரிச்சுக்கிட்டே இருப்பேன்." சிரித்தாள். "ஒரு நா கத்தரிக்காயக் காட்டுனா பஸ் ஸ்டாண்டுங்காரு."

அவரும் சிரித்தார். முகத்தில் பாதி மட்டும் சிரித்தது.

"குளிப்பாட்ட, புரட்டிப் படுக்கவைக்க?"

"நாந்தான். வேற யாரு இருக்கா."

பெண்ணின் விரல் திரைமேல் நின்றது. மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"வீட்டு ஆளுங்கள இதுல சேர்க்க முடியாதும்மா. வெளியில இருந்து வாரவங்கதான் கணக்கு. படிச்சிருக்கணும், இல்லன்னா பயிற்சி எடுத்திருக்கணும். உங்களுக்கு..." கொஞ்சம் கூச்சத்தோடு முடித்தாள். "வகை இல்ல."

"அதனால என்ன? என்னயப் போயி எதுக்கு எழுதிக்கிட்டு. காப்பி குடிக்கீங்களா?"

ஆவுடையம்மாள் எழுந்தாள். அவளுக்கு உண்மையிலேயே வருத்தமில்லை.

கட்டில் அதிர்ந்தது.

அவர் நல்ல கையால் கட்டில் சட்டத்தை அடித்தார். மறுபடி அடித்தார். பிறகு அந்தக் கை உயர்ந்து ஆவுடையம்மாளைக் காட்டியது. வாய் திறந்தது. சொல் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது.

"தண்ணியா?"

இல்லை.

"பின்னால கக்கூசுக்குப் போணுமா?"

இல்லை. கண்ணில் கோபம். மலைவளைவில் எதிரே வருபவன் ஒதுங்காவிட்டால் வருமே, அந்தக் கோபம்.

"மெதுவா. ஒண்ணும் அவசரமில்ல. வரும்."

காத்திருந்தாள்.

"நா..."

விரல் அவளைவிட்டு நகரவில்லை.

"நான்."

கணக்கெடுக்க வந்த பெண் முன்னால் சாய்ந்தாள். அன்பாகத்தான் கேட்டாள். "ஐயா, நான்னா நீங்க. நான் இவங்களப் பத்திக் கேக்கேன். இவங்க யாரு?"

"நான்."

இம்முறை தெளிவாக. விரல் ஆவுடையம்மாளின் நெஞ்சுக்கு நேராக.

"சொல்லு மாறிப்போகுது, பாவம்," என்றாள் பெண்.

மாறும்தான். மாறினால் அப்போதே திருத்திவிட வேண்டும், விட்டால் தப்பே படிந்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவள் ஒன்றைக்கூட விட்டதில்லை. அவர் அலுத்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் மோவாயைப் பிடித்துத் திருப்பித் திருத்தியிருக்கிறாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

நீட்டியிருந்த அந்த விரலை மெல்ல மடக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஆமா," என்றாள்.