கதவில் கட்டிய கயிறு

லொரெய்னின் காருக்குள் ஓர் இளங்கரடி மாட்டிக்கொண்டிருக்கிறது. அவள் பின்னிருக்கையில் மறந்துவிட்ட டோனட் பெட்டிக்காக, விடியலில் கைப்பிடியை இழுத்துத் திறந்து உள்ளே ஏறியது. சரிவில் நின்ற காரின் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கண்ணாடியெல்லாம் அதன் மூச்சு வெண்மையாகப் படிந்திருக்கிறது. அது புரளும்போதெல்லாம் ஹாரன் அலறுகிறது. மனிதர் தீனிக்குப் பழகி மறுபடி மறுபடி ஊருக்குள் வரும் கரடியை வனக்காவலர்கள் சுட்டுவிடுவார்கள். டோனட்டை மறந்தது அவள். உயிரை விடப்போவது அது. பக்கத்து வீட்டு டுவைட் கைப்பிடியில் நீளக் கயிற்றைக் கட்டிவிட்டுக் குனிந்தபடியே ஓடி வருகிறான். "காரைப் பூட்டுன்னு எத்தனை தடவை சொன்னேன்? விருந்தே வெச்சிருக்க!" "வாயை மூடிட்டு இழுடா. அது பயந்து ஓடணும், இந்தப் பக்கமே வரக்கூடாது." கயிறு விறைக்கிறது. கதவு திறந்ததும், மூக்கில் சர்க்கரை ஒட்டிய கரடி பனி படர்ந்த புல்லில் குதிக்கிறது. லொரெய்ன் இரும்பு வாணலியைக் கரண்டியால் வெறிகொண்டு அடிக்கிறாள். எதிர்வீட்டிலும் யாரோ தட்டுகிறார்கள். பிறகு தெருவே பாத்திரச் சத்தத்தில் அதிர்கிறது. கரடி திரும்பிப் பார்க்காமல் மேப்பிள் மரங்களுக்குள் பாய்ந்து மறைகிறது. "போதும், போயிடுச்சு," என்கிறான் டுவைட். "இருடா, மலையுச்சி வரைக்கும் கேக்கட்டும்," என்று அவள் இன்னும் ஓங்கி அடிக்கிறாள்.