அண்ணன் மேல் வழக்கு

"கூடப் பொறந்த அண்ணன் மேலயே கேஸ் போட்டவ செஞ்ச உருளைக்கிழங்கு சாலட்டை இங்க எவ தொடுவா?"

ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரும் சர்ச் விருந்தில், வெர்னா சொன்னது கூடத்தின் கடைசி மேஜை வரை கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

பாத்திரத்தோடு டார்சி அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்தில் ஊன்றுகோலோடு அவள் மகள் பிரின்.

"பிள்ளையை வெச்சுக்கிட்டு வேணாம், வெர்னா."

"ஏன் வேணாம்? லைல் வீட்டு டிராம்போலின்ல குதிக்கப் போனது யாரு? தாய்மாமன் தோட்டம்னு உரிமையா விளையாட விட்டுட்டு, கால் முறிஞ்சதும் கோர்ட்டுக்கு இழுக்கறதா?"

லைல் வெர்னாவின் பக்கத்து வீட்டுக்காரன். விஸ்கான்சின் குளிரில் தன் வாசலோடு அவள் வாசல் பனியையும் வாரித் தள்ளுகிற தங்கமான மனிதன். அவன் வீட்டுக் கதவைக் கோர்ட் ஆள் தட்டியதை ஜன்னல் வழியாகப் பார்த்ததிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"எங்கிட்ட மருத்துவ இன்சூரன்ஸ் இல்ல," என்றாள் டார்சி. "இன்னொரு ஆபரேஷன் செஞ்சாத்தான் இவ கால் நேராகுமாம்."

"அதுக்கு அண்ணனைத் தெருவுல நிறுத்துவியா? நன்றி கெட்டவளே!"

யாரும் தடுக்கவில்லை. பாதிரியார்கூடக் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெர்னாவுக்கு அதுவே தெம்பாக இருந்தது.

டார்சி பாத்திரத்தை மேஜைமேல் வைத்தாள். "போதும். நாளைக்கே கேஸை வாபஸ் வாங்கிடறேன்."

"இப்பவாவது உறைச்சுதே!"

"வாபஸ் வாங்கினே, உன்னைச் சும்மா விட மாட்டேன்!"

வாசலில் லைல். ஐஸ் மூட்டையைத் தரையில் போட்டுவிட்டு வந்தான். முகம் சிவந்திருந்தது.

"லைல், நான் உனக்காகத்தான்..." என்று வெர்னா ஆரம்பித்தாள்.

"எனக்காக நீங்க ஒண்ணும் கிழிக்க வேணாம்! டிராம்போலினைச் சுத்திக் கட்டின வலை கிழிஞ்சு கிடந்தது. தைக்காம விட்டவன் நான். நானே சொல்லியும் என் வீட்டு இன்சூரன்ஸ்காரன் காதுல போட்டுக்கல. வீட்டுக்காரன் மேல கேஸ் வந்தாத்தான் அவன் ஆபரேஷனுக்குப் பணம் குடுப்பானாம். என் கையிலேர்ந்து ஒரு காசும் போகாது."

லைல் தங்கையின் பக்கத்தில் போய் நின்றான்.

"அண்ணன் மேல போட மாட்டேன்னு அழுதா இவ. கையைப் பிடிச்சு வக்கீல்கிட்ட இழுத்துட்டுப் போனதே நான்தான். இப்ப உங்க வாய்க்குப் பயந்து என் மருமக காலத்துக்கும் சாய்ஞ்சு நடக்கணுமா, வெர்னா?"