இரண்டு பிள்ளைகள் கொள்ளும் பெட்டி

முதல் பெட்டியில் டைரோ மட்டும்தான் அடங்கினான்.

ஆறு வயதுப் பிள்ளை. முழங்காலை மடக்கி, கையில் பாதி கடித்த புனுவேலோ பலகார உருண்டையோடு உள்ளே உட்கார்ந்துகொண்டு, "அப்பா, மூடு" என்றான்.

"பத்தாது" என்றான் எவேலியோ. "வேற எடுங்க அக்கா."

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, எங்கள் பல்மிரா ஊரின் கடைத்தெருவில், பட்டப்பகலில் ஒருவன் பயணப்பெட்டிக்குப் பிள்ளையை வைத்து அளவெடுத்தால் கூட்டம் கூட வேண்டும். கூடவில்லை. எவேலியோவை எங்கள் தெருவுக்கு நன்றாகத் தெரியும்.

பெட்டி அவனுக்கில்லை. விவாகரத்தாகிப் போன மனைவி நூபியாவுக்கு. பிள்ளைகள் அம்மாவுக்குக் கொடுக்கும் பரிசு. பெட்டிதான் என்று முடிவு செய்தது மூத்தவள், பத்து வயது மர்யூரி.

காரணம் இருந்தது. வருடம் பிறக்கிற நேரத்தில் காலிப் பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தால் அந்த வருடம் தூரப் பயணம் வாய்க்கும். எல்லோரும் சுற்றுவோம். நூபியா ஒற்றைச் சக்கரப் பெட்டியோடு சுற்றுவாள்.

பிரிந்த முதல் வருடம் ஒரு சுற்று. மறு வருடம் மூன்று.

போன வருடம் கிளம்பிய வேகத்தில் திருப்பத்தில் திரும்ப மறந்து, பக்கத்து ஊர்ப் பேருந்து நிலையம் வரைக்கும் போய்விட்டாள். விடிந்த பிறகு பேருந்தில் வந்து இறங்கினாள். பெட்டி பலித்தது அவ்வளவுதான். அந்தச் சக்கரம் போட்ட சத்தத்தில் எங்கள் தெருக் கோழிகள் ஜனவரி ஆறாம் தேதி வரை முட்டையிடவில்லை. நம்பாதவர்கள் கோழிகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஸ்பெயினில் அவள் அக்காள் இருக்கிறாள். அங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலையும் காத்திருந்தது. பிள்ளைகளை விட்டுவிட்டு நூபியா போக மாட்டாள். அழைத்துப் போக வேண்டுமென்றால் அப்பன் கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்று வருடமாக எவேலியோ அதை மட்டும் போடவில்லை. கேட்டால் பேனா இல்லை என்பான். ஒருமுறை அவள் பிள்ளைகள் கையில் பன்னிரண்டு பேனா கொடுத்தனுப்பினாள். அதையும் வாங்கி வைத்துக்கொண்டான்.

கடைக்காரி ஒலிவா இரண்டாவது பெட்டியை இறக்கி வைத்தாள்.

"கையெழுத்துப் போட மாட்ட. பெட்டி மட்டும் வாங்கித் தருவ. செருப்ப வாங்கிக் குடுத்துட்டு காலைக் கட்டிப்போடுற ஆளுய்யா நீ."

"இதவிடப் பெரிசு இருக்கா?"

"முதல்ல இதப் பாரு."

இரண்டு பிள்ளைகளும் ஏறினார்கள். மர்யூரியின் ஒரு முழங்கால் வெளியே நின்றது.

"இன்னும் வளருவா" என்று அந்தப் பெட்டியையும் ஒதுக்கிவிட்டான்.

பரணிலிருந்து மூன்றாவது வந்தது. நீல நிறம். அதைக் கீழே வைத்ததும் கடைக்குள் வெளிச்சம் குறைந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் உள்ளே படுத்தே விட்டார்கள். டைரோ ஒருமுறை புரண்டும் பார்த்தான்.

"இடம் மிச்சம் இருக்கு. நீயும் ஏறிக்க" என்றாள் ஒலிவா.

எவேலியோ அந்த மிச்ச இடத்தைச் சற்று நேரம் பார்த்தான்.

"இல்ல. இது போதும்."

பிறகு சோதனை தொடங்கியது. நாலு சக்கரத்தையும் தனித்தனியாகச் சுற்றினான். கைப்பிடியைப் பிடித்து ஒலிவாவையே உட்காரவைத்து இழுத்துப் பார்த்தான். அவள் கொஞ்சம் கனமான பெண்பிள்ளை. பெட்டி முனகவில்லை. உள்பக்கத்து ஜிப் பையை ஆறு முறை திறந்து மூடினான். எல்லாம் இடது கையால்.

"வலது கட்டைவிரல்ல என்னது கறுப்பா?"

"பழச்சாறு."

விரலைத் தேய்த்தால் போகாத பழச்சாறு எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் கிடையாது. ஒலிவா ரசீதுப் புத்தகத்தை எடுத்தாள்.

"எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

"ஒரு வருஷத்துக்கு நான் பொறுப்பு."

"ஒரு வருஷம்னா, இதே தேதி வரைக்குமா?"

"இதே தேதி. ஒரு நாள் தாண்டினாலும் என்கிட்ட வந்து நிக்காத."

"சீட்டுல எழுதிக் குடுங்க. தேதியப் பெரிசா எழுதுங்க."

அடுத்த வருடத்து டிசம்பர் இருபத்துமூன்று என்று அவள் எழுதிக் கொடுத்தாள். அவன் இரண்டு முறை படித்தான். உதட்டை அசைத்துப் படித்தான்.

மர்யூரி வாழ்த்து அட்டையில் தன் பெயரையும் தம்பி பெயரையும் எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா, உன் பேரையும் போடட்டா?"

"வேணாம். நான் தூக்கிட்டு வர்ற ஆளு மட்டுந்தான்."

ரிப்பன் நிறத்துக்குப் பிள்ளைகள் சண்டை போட ஆரம்பித்தார்கள். சிவப்பா, மஞ்சளா என்று ஒலிவா தீர்ப்புச் சொல்லப் போனாள்.

எவேலியோ சட்டைக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து, உள்பக்கத்து ஜிப் பையில் வைத்து மூடினான். ஏழாவது முறையாக.

காலையில் நோட்டரி அலுவலகம் திறப்பதற்கு முன்பே வரிசையில் போய் நின்று வாங்கி வந்த அனுமதித் தாள். இரண்டு பிள்ளைகளின் பெயர்களும் அதில் இருந்தன. கீழே அவன் கையெழுத்து, நூபியாவின் பன்னிரண்டு பேனாக்களில் ஒன்றால் போட்டது. பக்கத்தில் கறுப்பு மையில் வலது கட்டைவிரல் ரேகை.

பிள்ளைகள் நாடு திரும்பும் நாள் என்று ஒரு கோடு இருந்தது. அதை நிரப்பாமல் முத்திரை வைக்க மாட்டேன் என்று அங்கிருந்தவர் சொல்லிவிட்டார்.

அந்தக் கோட்டில் எவேலியோ எழுதியிருந்த தேதி வரைக்கும்தான் ஒலிவா பெட்டிக்குப் பொறுப்பேற்றிருந்தாள்.