வெள்ளை நூல் பொட்டலம்

“வெறும் சாம்பலைக் கொடுத்து மருந்துன்னு சொல்றியே, இது ஏமாத்து இல்லையா?”

டாக்டர் ராஜசேகரன் இப்படிக் கேட்டது அம்மன் கோயில் பூசாரி வேம்புலியை, அவன் வீட்டு வாசலிலேயே. சேக்காட்டில் அவனை இதுவரை யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்லை.

“சாம்பல் இல்லீங்க டாக்டரய்யா, துன்னூறு. பச்சக் கற்பூரம் இடிச்சு நானே கலக்கறது. இந்தச் சுத்துவட்டாரத்துல வேற யாருகிட்டயும் இந்த வாசன கெடைக்காது.”

“வாசனை ஜுரத்தை இறக்குமா?”

“எறங்கினவங்க கீறாங்க.”

“இறங்காதவங்க?”

“அவங்க வந்து சொல்றதில்லீங்க.”

டாக்டர் இதைத்தான் எதிர்பார்த்தவர் போலத் தலையை ஆட்டினார். “பார்த்தியா, இதுதான் உனக்கும் எனக்கும் வித்தியாசம். நான் ரெண்டு தரப்பையும் எண்ணுவேன். அதுக்குப் பேர் சயின்ஸ்.”

உலகச் சண்டை வந்ததிலிருந்து ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காகக் கொட்டகை கொட்டகையாக எழும்பிக்கொண்டிருந்தது. அதற்காக மண் வெட்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்று, கொசு பெருத்து, ஊரில் பாதிப் பேர் குளிர்ஜுரத்தில் படுத்துவிட்டார்கள். அதற்குக் கொடுக்கிற கொயினா மாத்திரையோ பட்டாளத்துக்கே போதவில்லை. அதனால் பட்டணத்திலிருந்து டாக்டர் ஒரு புது மருந்துத் தூளைக் கொண்டுவந்து சத்திரத்தில் இறங்கியிருந்தார். அது கேட்கிறதா இல்லையா என்று இங்கே பார்த்துவிட்டுத்தான் மற்ற ஊர்களுக்குக் கொடுப்பார்களாம்.

“என் மருந்தைச் சாப்பிடறவங்க உன் திருநீறையும் வாயில போட்டுக்கிட்டா, எது கேட்டுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“ஜொரம் போனா போதாதுங்களா?”

“போதாது” என்றார் டாக்டர்.

வேம்புலி வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தான். உள்ளே அவனுடைய ஒரே மகள், ஆறு வயது பூங்காவனம், கண்ணைத் திறக்கவும் தெம்பில்லாமல் கிடந்தாள். நெற்றியில் பூசியாயிற்று, நாக்கிலும் வைத்தாயிற்று. பூசாரியின் திருநீறு பூசாரி வீட்டிலேயே கேட்கவில்லை என்பது ஊருக்குத் தெரியாது.

“நீங்க சொன்னபடி நடக்கறேன். என் கொயந்தைக்கு அந்த மருந்து கெடைக்குங்களா?”

“உன் பொண்ணையும் சேர்த்துக்கறேன். ஆனா இதுல ஒண்ணுமே இல்லைன்னு நீயே ஊருக்கு முன்னாடி சொல்லணும். உன் திருநீறு மூட்டையையும் என்கிட்ட ஒப்படைச்சிடணும்.”

மறுநாள் சத்திரத்து வாசலில் ஊர் கூடியது. வேம்புலி மூட்டையை இறக்கிவைத்தான்.

“இது வெறும் சாம்பல். இதுல ஒண்ணும் இல்ல. அல்லாரும் டாக்டரய்யா குடுக்கறத துன்னுங்க.”

சொல்லி முடிக்கும்வரை அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மகள் எழுந்து உட்கார்ந்தால் போதும், மானம் கிடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

டாக்டர் மூட்டையைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். “நல்ல சன்னமா இருக்கே. இதைச் சாப்பிட்டு யாருக்காவது வாந்தி, பேதி வந்ததுண்டா?”

“ஒண்ணும் ஆனதில்லீங்க.”

“அப்போ நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. அப்படித்தானே?”

“அப்படித்தானே இப்ப என்னெ சொல்ல சொன்னீங்க.”

டாக்டர் மூட்டையைக் கட்டி உள்ளே கொண்டுபோகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சத்திரத்துக் கூடத்தில் ஒரு குடம் இருந்தது. அதற்குள் சிவப்பு நூல் சுற்றியதும் வெள்ளை நூல் சுற்றியதுமாகப் பொட்டலங்கள். நோயாளி கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எந்த நிறம் வருகிறதோ அந்த நிறப் பொட்டலம்தான் அவருக்குக் கடைசிவரை.

“எதுல இன்னா கீதுங்க?” என்று கேட்டான் வேம்புலி.

“எனக்கே தெரியாது. கட்டின கம்பவுண்டருக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சா அது சயின்ஸ் இல்லை.”

வேம்புலிக்கு இது பழகிய சங்கதியாக இருந்தது. “எங்க கோயில்லயும் இப்படித்தான் பூ கட்டிப் பாப்போம். செவப்புப் பூ வந்தா வேணாம்னு அர்த்தம். வெள்ளப் பூ வந்தா அம்மன் உத்தரவு குடுத்துட்டான்னு அர்த்தம்.”

“அது மூடநம்பிக்கை” என்றார் டாக்டர். “சீக்கிரம் எடுக்கச் சொல்லு.”

தோளில் துவண்டு கிடந்த மகளின் கையைப் பிடித்துக் குடத்துக்குள் விட்டான். வெள்ளை நூல் வந்தது. வேம்புலிக்குக் கண் கலங்கிவிட்டது.

“நல்ல பொட்டலந்தானே டாக்டரய்யா?”

“எனக்கு ரெண்டுமே முக்கியம்” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வீட்டில் நாகவல்லி பொட்டலத்தைப் பிரித்துத் தேனில் குழைத்தாள். குழைக்கும்போதே புருஷனைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் பேசாதே என்று வேம்புலி கையமர்த்தினான். அவள் பேசாமல் மகளின் நாக்கில் தடவினாள்.

இத்தனை நாளைக்குப் பிறகு பூங்காவனம் மெல்லக் கண்ணைத் திறந்தாள். உதட்டை ஒரு தரம் நக்கினாள்.

“நைனா, டாக்டருகூட உன் துன்னூறுதான் குடுக்கறாரா?”