தானா அணையுற இன்ஜின்

இன்ஜின் ஏணி அவ்வளவு செங்குத்தா இருக்கும்னு அவ நெனைக்கல.

இடுப்புல பிள்ளை, ஜெனி. நாலு வயசு. ஒரு கை கம்பியில, ஒரு கை பிள்ளை மேல. முந்தானையப் பல்லால கடிச்சுக்கிட்டு ஏறுறா.

கோவம்தான் ஏத்திவிட்டுது. வேற என்ன.

கீழ மாசிலாமணி நின்னான். ரயில் யார்டுல பெட்டி கோத்துவிடுற ஆளு. சிரிப்பு வேற.

"அண்ணி, டிக்கெட் எடுத்தீங்களா?"

அவ திரும்பிப் பாத்தா. அவன் பச்சைக் கொடியச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டான்.

உள்ள அவ புருஷன் சேவியர். அந்த இன்ஜினுக்கு டிரைவர். டிபன் பாக்ஸத் திறந்து வச்சுக்கிட்டு, வாய்ல சோத்தோட முழிக்கிறான்.

"ஏய், இங்க எதுக்குடி வந்த? யாராவது பாத்தா என் வேலை போயிரும். எறங்கு."

எறங்கல.

பக்கத்து சீட்டுல உக்காந்தா. பிள்ளைய மடியில வச்சா.

இன்ஜின் ஓடிக்கிட்டிருக்கு. எங்கயும் போகல. ஒரு பெட்டியக்கூட இழுக்கல. சும்மா நின்னுக்கிட்டு ஓடுது. காலையில இருந்து. அவ சமையக்கட்டு ஜன்னலுக்கு நேரா.

பழைய டீசல் இன்ஜின்தான் இது. ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பி, உள்ள இருந்த மெஷினக் கழட்டிப் போட்டுட்டு, புகை கம்மியா விடுற புது மெஷினா வச்சு, பெயின்ட் அடிச்சு அனுப்பியிருந்தாங்க. மாலை போட்டாங்க. சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சாங்க. பெரிய ஆபீஸர் மைக்குல பேசினாரு. பாதிப் புகைகூட வராது. சும்மா நின்னா தானா அணைஞ்சுரும். யார்டுக்குப் பின்னால குடியிருக்கிறவங்க இனிமே நிம்மதியா மூச்சு விடலாம்.

அவ அன்னைக்குக் கை வலிக்கத் தட்டினா.

கரும்புகை போச்சு. வாடை போகல. ஜெனிக்கு இழுப்பும் போகல.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கேட்டாங்க, வீட்டுப் பக்கத்துல புகை விடுற மாதிரி எதுவும் ஓடுதான்னு. இன்ஜின் இருக்கு, ஆனா புதுசு, நின்னா அணைஞ்சுரும்னு பெருமையா சொல்லிட்டு வந்தா.

ஆளில்லாத நேரத்துலயும் ஓடுறது அவ காதுல விழாமலா இருக்கும்? வேலை நடக்குது, அதான் ஓடுதுன்னு நம்பினா.

இழுப்புக்குக் காரணத்த வீட்டுக்குள்ளயே தேடினா. தாளிக்கையில மிளகாய் கிள்ளிப் போடுறத விட்டா. கொசுவத்திய விட்டா. சாம்பிராணி போடக் கூடாதுன்னு மாமியார்கிட்ட சண்டை போட்டதுல, அந்தம்மா மக வீட்டுக்கே கெளம்பிப் போயிட்டாங்க.

இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. தண்ணிக் குழாயடியில. மாசிலாமணி பொண்டாட்டி சொல்லிச் சொல்லிச் சிரிச்சா.

"உங்க வீட்டுக்காரரு பயங்கரமான ஆளுக்கா. புது இன்ஜினையே ஏமாத்துறாரு."

பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. வண்டிய முன்ன பின்ன விடுற கைப்பிடிய நடுவுல வச்சாத்தான் அது தானா அணையும். இவன் பிரேக்கைப் போட்டுட்டு, கைப்பிடிய முன்னால தள்ளியே வச்சிருவான். இதோ கெளம்பிருவோம்னு நெனச்சுக்கிட்டு அது பாட்டுக்கு ஓடும். மத்த ஷிஃப்ட் டிரைவருங்களுக்கும் இவன்தான் சொல்லிக் குடுத்தானாம்.

குடம் பாதி ரொம்பியிருந்துச்சு. அப்படியே விட்டுட்டு வந்துட்டா.

"அணைங்க."

"ஒனக்கு என்னடி தெரியும்? அணைச்சு, மறுபடி ஸ்டார்ட் ஆகலன்னா?"

பழைய மெஷின் இருந்தப்போ ஒரு தடவை அணைச்சான். பேட்டரி செத்துப்போச்சு. பின்னால ஒரு கூட்ஸ் வண்டி பாதி நாள் மாட்டிக்கிச்சு. மெமோ குடுத்தாங்க. அத்தனை பேர் முன்னால நிக்க வச்சுத் திட்டினாங்க. அதுல இருந்து நிக்கிற இன்ஜினக் கண்டாலே அவனுக்கு வேர்த்துரும்.

அவளுக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது?

"ஸ்டார்ட் ஆகலன்னா அந்த மெமோவ என் பேருக்கு எழுதச் சொல்லுங்க."

"சளிக்குப் போயி இவ்வளவு..."

"சளியா? ராத்திரி பூரா உக்காந்தே தூங்குது. படுக்க முடியல அதால. நீங்க குறட்டை விட்டுட்டு எந்திரிச்சு சளிங்கிறீங்க. உங்க அம்மாவ வெரட்டினேனே, பாவி! அணைங்கன்னா அணைங்க. இல்ல, நானும் எம்பொண்ணும் இங்கயேதான். உங்க ஆபீஸர் வரட்டும். மைக்கையும் எடுத்துக்கிட்டு வரட்டும்."

கத்தினா. அங்க கத்தித்தான் பேசணும். அந்த லைன் வீடுங்கள்ல புருஷன் பொண்டாட்டி ரகசியமே தெருவுக்குக் கேக்கும்.

சேவியர் சோத்துக் கையோடயே பட்டனை அமுக்கினான்.

"இந்தா. போதுமா?"

இன்ஜின் ஒரு குலுக்கு குலுக்கிட்டு நின்னுச்சு.

அப்புறம் ஒண்ணும் இல்ல.

காக்கா கத்துறது கேக்குது. யாரு வீட்டுலயோ கடுகு வெடிக்கிறது கேக்குது.

அவன் தலையச் சாய்ச்சான்.

"எங்கயோ காத்து லீக்காவுது."

டிரைவர் காது. பிரேக் குழாயில ஊசி முனை அளவு ஓட்டைன்னாலும் கண்டுபிடிச்சிரும். எந்திரிச்சு மீட்டரப் பாத்தான். முள்ளு இருந்த எடத்துலயே இருக்கு. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தான்.

"மாசிலா, கீழ பைப்பப் பாரு. காத்துப் போவுது."

"இங்க ஒண்ணும் இல்லண்ணே."

மெல்லிசா, விசில் மாதிரி.

லீக்குன்னா ஒரே சீரா வரும். இது விட்டு விட்டு வருது.

அவன் குனிஞ்சான். குழாய்ல காத வச்சான். இது இல்ல. அடுத்தது. இதுவும் இல்ல. மூச்சடக்கிக்கிட்டு, கையால தடவிக்கிட்டே, கொஞ்சம் கொஞ்சமா இந்த சீட்டுப் பக்கமா வர்றான்.



அவ பிள்ளைய மடியில கொஞ்சம் நிமித்தி, நெஞ்சு அவன் பக்கமா இருக்கிற மாதிரி உக்கார வச்சா.