முகமில்லாத படம்

அண்ணி படியேறி வரும் சத்தம் கேட்டதும் ஓவியன் தூரிகையைத் துடைத்து வைக்கிறான். இறந்துபோன அண்ணனை வரைந்து தருவதாக அவளிடம் சொல்லி எட்டு மாதமாகிறது. புகைப்படத்தைப் பார்த்து வரைந்த ஆறு படங்கள் சுவரைப் பார்த்தபடி திரும்பி நிற்கின்றன. ஆறிலும் மூக்கும் மீசையும் அச்சு அசல், அண்ணனைத்தான் காணோம். போன வாரம் புகைப்படத்தை மேசைக்குள் வைத்துவிட்டு, அண்ணனின் வெல்டிங் பட்டறையை நினைவிலிருந்து வரையத் தொடங்கினான். இப்போது ஜன்னல் வெயிலில் நிற்கும் கேன்வாஸில் முகமே இல்லை. இருட்டு, குனிந்த ஒரு முதுகு, அதற்கு அப்பால் வெடித்துச் சிதறும் நீல வெளிச்சம், அவ்வளவுதான்.

உள்ளே வந்த அண்ணி படத்தை ஏறிட்டதும் சட்டென்று கையால் கண்ணை மறைத்துக்கொள்கிறாள்.

"புடிக்கலையா அண்ணி?"

அவள் தோள் குலுங்குகிறது. அது சிரிப்பு என்று புரிய அவனுக்குச் சற்று நேரமாகிறது.

"பட்டறைக்கு சாப்பாடு கொண்டுபோனா, 'பாக்காதடி, கண்ணு போயிடும்'னு கத்துவாரு. கை தானா மேல போயிடுச்சு தம்பி." விரல்களை விலக்கி, அருகில் போய், அந்த வெளிச்சத்தை நேருக்கு நேர் பார்க்கிறாள். "முகத்தை வரஞ்சிருப்பியோன்னு பயந்துக்கிட்டேதான் வந்தேன். கண்ண மூடினா ஆஸ்பத்திரியில பாத்த முகம்தான் வருது. இங்க நல்லா இருக்காரு. வேலையில இருக்காரு."

அவன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்கிறான். அவளும் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள்.

"இருந்து கையோட கொண்டுபோறேன்."

"காயவே மூணு நாளாகும் அண்ணி."

"ஆகட்டுமே."