நடுமுதுகுச் செதில்

போனில் வந்த படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.

காலையில் வந்தது வேறு படம். தலையும் கழுத்தும் மட்டும், மங்கலாக. இதில் முழு உடம்பு. அடித்துப்போட்ட குட்டிப் பாம்பைச் சிமெண்டுத் தரையில் நீட்டிவைத்து எடுத்திருந்தார்கள்.

கூடவே கல்லூரித் தோட்டக்காரர் வைரவனின் செய்தி. ‘காலேஜ்ல பிள்ளைங்களுக்குக் காட்ட வேணும்னா பாட்டில்ல போட்டு வைக்கேன் மேடம்.’

அவர் மனைவியை விடியலில் பாயிலேயே கடித்த பாம்பு. வலியில்லை, வீக்கமில்லை என்று காலையில் எழுதியிருந்தார்.

‘வெள்ளிக்கோல் வரையன், விஷம் கிடையாது, பயப்பட வேண்டாம்.’

ஏழரை மணிக்கு அவள் அனுப்பிய பதில் மேலேயே கிடந்தது. அடுப்பில் பால் பொங்கிய நேரம். காலைப் படத்தில் பட்டை கழுத்திலிருந்தே தொடங்கியது, வரையனுக்கு இருப்பதுபோல. அது போதும் என்று நினைத்துவிட்டாள்.

இப்போது ஒன்பதரை.

பட்டையை நம்பாதே, செதிலைப் பார். விலங்கியல் வகுப்பில் வருஷா வருஷம் அவள் எழுதிப்போடும் முதல் வரி. வரையனும் கட்டுவிரியனும் வேறு வேறு குடும்பம். போட்டிருக்கும் சட்டைதான் ஒன்று. கட்டுவிரியன் குட்டிக்கும் பட்டை கழுத்தருகிலேயே தொடங்கலாம். நடுமுதுகில் ஓடும் ஒரு வரிசைச் செதில்தான் காட்டிக்கொடுக்கும். விரியனுக்கு அது மற்றதைவிடப் பெரிது. அறுகோணம்.

ஊருக்குத்தான் உபதேசம்.

இன்னும் பெரிதாக்கினாள்.

அறுகோணம்.

அடுத்தது. அதற்கடுத்தது. வால்வரை.

கட்டுவிரியன் கடி வலிக்காது, வீங்காது. முதலில் கண்ணிமை விழும், பிறகு மூச்சு. ஐந்து மதிப்பெண் கேள்வி. விடைத்தாளில் அவள் எத்தனை பேருக்குச் சரி போட்டிருக்கிறாள்.

இரண்டாம் முறைதான் எண்ணை அழுத்த முடிந்தது. மணி போய்க்கொண்டே இருந்தது.

“சொல்லுங்க மேடம்.” வைரவனின் குரலில் சிரிப்பு இருந்தது.

“உங்க வீட்டம்மா எங்க?”

“உறங்குதா மேடம். நீங்க சொன்னப்புறம்தான் எங்களுக்கு உசிரே வந்துச்சு. காலையிலேருந்து பயந்த அசதி போல. கண்ணைத் திறக்கவே முடியலைன்னா. கொஞ்ச நேரம் படுத்துக்கோன்னுட்டேன்.”

“எழுப்புங்க. நான் சொன்னது தப்பு. உடனே வண்டி பிடிங்க, பெரியாஸ்பத்திரிக்கு.”

காலடிச் சத்தம். கதவுச் சத்தம்.

“இசக்கி.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஏ இசக்கி.”

மூன்றாம் முறை அவர் கூப்பிட்டபோது அந்தச் சிரிப்பு குரலில் இல்லை.